ஆவிக்கு ஒரு தனி அறை

பண்டகசாலை உத்தியோகம் என்பது, எரியாது என்று எல்லோரும் நம்பும் பொருட்களுக்கு நடுவே ஒருவன் மட்டும் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் தொழில்.

ஆகவே முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உரிய துக்கத்துடன் அடக்கம் செய்துவிடுகிறேன். குளோரின் கலந்த கரைப்பான்கள் எரியாது என்று படித்தவர்களும் சொல்வார்கள். சில எரியா. எத்திலீன் டைகுளோரைட் எரியும். ஈ.டி.சி. என்று நாங்கள் சுருக்கி அழைத்த அந்தத் திரவம் தண்ணீரைப்போலத் தெளிவானது, தண்ணீரைவிடக் கனமானது, மணமோ இனிமையானது. சும்மா திறந்து வைத்தாலே தீப்பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். திருகோணமலை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தடியில் படகு இயந்திரங்கள் திருத்தும் ஒரு பட்டறையில் நான் பண்டகசாலைப் பொறுப்பாளர். இயந்திரப் பாகங்களில் ஒட்டியிருக்கும் கிறீஸைக் கழுவ ஒரு டிரம் ஈ.டி.சி. வைத்திருந்தோம். வெல்டிங் மேசை அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அந்த டிரம்முக்கு ஒரு தனி அறை வாங்கிக்கொடுப்பதே என் இலட்சியம். இல்லாவிட்டால் ஒரு நாள் நாங்கள் இருபது பேரும் கூரையோடு கிளம்பி, எந்த அனுமதியும் பெறாமல் சீனன்குடா விமானத்தளத்தில் போய் இறங்குவோம்.

நீண்ட பெயருள்ள திரவங்களுக்குக் காவல் இருந்த அன்பர்களே, இனி வருவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

நல்ல குடும்பம்

முற்றத்து வேப்பமரத்தடியில் இருந்த என் அலுவலக அறையில் உட்கார்ந்து, டிரம்முக்குத் தனி அறை கேட்டு மனேஜர் நவரத்தினத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். செங்கல் சுவர், பூட்டக்கூடிய கதவு, இரண்டு யன்னல், நிலத்தோடு காற்றுப் போக ஓட்டைகள், மற்றக் கட்டிடங்களிலிருந்து விலகிய இடம் என்று இலக்கமிட்டு விளக்கியிருந்தேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கிய பித்தளைத் தீயணைக்கும் கருவியைக் காட்டினார். அதற்குள் இருந்தது கார்பன் டெட்ராகுளோரைட். அதுவும் குளோரின், இதுவும் குளோரின், பிறகென்ன பயம் என்பது அவர் வாதம்.

ஒரே குடும்பம்தான், ஆனால் அண்ணன் நெருப்பை அணைப்பார், தம்பி நெருப்போடு சேர்ந்துகொள்வார் என்று நான் விளக்கினேன். அணுக்களின் எண்ணிக்கையைக்கூடக் கடதாசியில் வரைந்து காட்டினேன். மனேஜர் அந்தக் கடதாசியை மடித்து என் சட்டைப் பைக்குள் செருகினார்.

“ஐசே, நல்ல குடும்பத்துப் பிள்ளைகளைச் சந்தேகிக்கிறது நல்ல பழக்கமில்லை.”

முதல் எழுத்து

பட்டறை வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காசிம் நானா கிண்ணியாக்காரர். ஒரு நாள் வெறும் சர்பத் போத்தலோடு பண்டகசாலைக்கு வந்தார். கால் போத்தல் ஈ மருந்து வேண்டுமாம். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றேன். அவர் டிரம்மின் மேல் நான் பெரிதாக எழுதிவைத்த “ஈ.டி.சி.” என்ற எழுத்துக்களை விரலால் தொட்டுக் காட்டினார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். இதைக் கார்பன் டெட்ராகுளோரைட்டோடு கலந்து, தானியக் களஞ்சியங்களில் வண்டு சாகப் புகையூட்டுவார்கள். ஆனால் வண்டை மட்டும் தேடிக் கொல்லும் ஒழுக்கம் அதற்குக் கிடையாது. அடுப்பெரியும் கடையில் தெளித்தால் ஈ, வாடிக்கையாளர், வடை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். இவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நுளம்புக்கு டி.டி.டி. வந்திச்சி. ஈக்கு ஈ.டி.சி. வந்திரிக்கி. முதல் எழுத்தே ஈ எண்டு போட்டிரிக்கிற சாமானை மறைச்சு வச்சிக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கிறீங்களே, சேர்!”

நாலு பத்து

இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் எங்கள் பிற்றர் அந்தோனிக்குப் பாலையூற்றில் பெண் பார்க்கும் நாள். அவனுடைய கைக்கடிகாரத்தின் கண்ணாடி, பேர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, வெடித்திருந்தது. ஈ.டி.சி. பேர்ஸ்பெக்ஸைக் கரைக்கும்; வெடிப்பில் ஒரு துளி விட்டால் இரண்டு ஓரங்களும் கரைந்து ஒன்றாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒரு துளி என்றேன். கலியாண ஆசையில் இருந்தவன் கடிகாரத்தையே குளிப்பாட்டிவிட்டான். கண்ணாடி இளகிக் குழிந்து முட்களைப் பிடித்துக்கொண்டது. அப்போது நேரம் நாலு பத்து.

மாப்பிள்ளை கையில் கடிகாரம் இருக்கத்தான் வேண்டும் என்று அதையே கட்டிக்கொண்டு போனான். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். போய்ச் சேர்ந்ததும் பெண்ணின் தகப்பன் நேரம் கேட்க, நாலு பத்து என்றான். தேத்தண்ணி குடித்து, பலகாரம் சாப்பிட்டு, கோயில் பெருநாள் கதையெல்லாம் கதைத்து, வெளிச்சம் மங்கியபின் எழும்பினான். தகப்பன் மறுபடியும் நேரம் கேட்டார். அந்தோனி கையைப் பார்த்தான். வேறு வழியில்லை, முள் காட்டிய நாலு பத்தையே சொன்னான். கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டதாம்.

“இவர் நல்லவர் அப்பா. வந்து ஒரு நிமிசம்கூட எங்கட நேரத்தை வீணாக்கேல்லை.”

அவளையே கட்டினான்.

நிலத்தோடு ஊர்ந்து வரும்

கடிதத்தால் ஆகாததை அறிவித்தலால் சாதிக்கலாம் என்று எண்ணி, ஒரு பலகையில் சிவப்பு மையால் எழுதி டிரம்முக்கு மேலே தொங்கவிட்டேன். “வாயு” என்று எழுதினால் வயிற்றுக் கோளாறு என்று நினைப்பார்கள் என்பதால், நன்றாக யோசித்து “ஆவி” என்று போட்டேன்.

“கவனம்! இதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது. நிலத்தோடு ஊர்ந்து வரும். தொலைவில் நின்றாலும் பிடித்துக்கொள்ளும்.”

விஞ்ஞானத்தில் ஒரு பிழை கிடையாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், தூரத்திலுள்ள நெருப்பைத் தொட்டுத் திரும்பி வரும். பலகைக்கு உடனே பலன் கிடைத்தது. டிரம் பக்கம் ஒருவரும் போகவில்லை. இரண்டு நாள் நான் பெருமையோடு நடமாடினேன்.

மூன்றாம் நாள் காலை பண்டகசாலைக்குள் கற்பூர வாசம். ஓடிப்போய்ப் பார்த்தால், வெல்டர் சிவபாதம் அண்ணை டிரம்மின் குழாய்க்கு நேர் கீழே தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு தகரத் தட்டில் கற்பூரம் எரிகிறது. அதற்கு மூன்று முழம் தள்ளி, கிறீஸ் கழுவும் தட்டு திறந்தபடி. பக்கத்து மேசையின் வெல்டிங் பொறிகூட இதுவரை வந்து விழாத இடத்துக்கு என் சொந்தப் பலகை நெருப்பைக் கைபிடித்து அழைத்து வந்திருந்தது. கற்பூரத்தைச் சப்பாத்துக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, கழுவும் தட்டை இழுத்து மூடினேன். சிவபாதம் அண்ணை என்னைப் பாவி என்று பார்த்தார்.

“ஆவி நிலத்தோட ஊருது எண்டு எழுதினது நீங்கள். கற்பூரத்தை நிலத்தில வைக்காமல் வேற எங்க ஐயா வைக்கிறது?”

ஒரு தேக்கரண்டி

அன்றைக்கே மனேஜரைக் கையோடு கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஆளில்லாத இடத்தில், மணலில் ஒரு தகர மூடி. அதில் ஒரு தேக்கரண்டி ஈ.டி.சி. நீண்ட கம்பின் நுனியில் நெருப்பு. காற்றுக்கு முதுகு காட்டி நின்று நீட்டினேன். பக்கென்று பிடித்தது. கரும்புகையும் மூக்கை அரிக்கும் நாற்றமும் கிளம்பின. அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. மனேஜரின் வெள்ளைக் காற்சட்டை முழுவதும் கரிப்பொட்டு. இருமி, கண்ணைத் துடைத்து, மூடியை வெகுநேரம் பார்த்தார்.

“எரியுதுதான், ஐசே” என்றார். எனக்குக் கண் கலங்கியது. அதில் புகையின் பங்கு கொஞ்சம்தான்.

கந்தோரில் தன் மேசைக்குத் திரும்பியதும் என் மூன்று கடிதங்களையும் எடுப்பித்தார். செங்கல் சுவர், கதவு, இரண்டு யன்னல், நிலத்தோடு ஓட்டை, விலகிய இடம் என்று ஒவ்வொன்றாய் உரத்து வாசித்தார். பிறகு முற்றத்தில் இறங்கி நின்று நாலா பக்கமும் பார்த்தார். வேப்பமரத்தடியில் தனியே நின்ற ஒரு சிறு கட்டிடத்தில் அவர் பார்வை நின்றது.

“நீர் கேட்ட அறை இருக்குது. என்ன, இப்ப நீர்தான் அதுக்குள்ள இருக்கிறீர்.”

பின்னேரத்துக்குள் டிரம் வேப்பமரத்தடிக்குக் குடிபோனது. என் மேசையும் கதிரையும் அலுமாரியும் வெல்டிங் மேசைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தன.