கிச்சன் வசதி உண்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கோமதியின் பயணப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சார்ஜர் தேடித்தான். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை!

உள்ளே இரண்டு சேலை. நாலு நைட்டி. அதற்குக் கீழே... இட்லிப் பொடி, சாம்பார் பொடி, ஒரு கட்டு அப்பளம், பேப்பரில் சுருட்டிய கறிவேப்பிலை. அடியில் தேங்காய் துருவி!

நாங்கள் போகவிருப்பது அந்தமானுக்கு. நாலு நாள் டூர். அதற்கு எதற்குத் துருவி?

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி இது இருபத்தைந்தாவது வருஷம். சென்னையில் வேலை பார்க்கும் மகள் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள். "தங்குற இடத்த மட்டும் நீங்க பாத்துருங்கப்பா" என்று எனக்கு ஒரே ஒரு வேலைதான் ஒதுக்கியிருந்தாள்.

தேதியைச் சொன்னது கோமதி. ஜூலை மாதம்.

"ஜூலையில அங்கன மழைல்லா கொட்டும்? சில நாள் கப்பலே ஓடாதுங்காவ" என்றேன்.

"கொட்டட்டுமே. ரூமுக்குள்ள படுத்துக் கெடப்போம்."

ஆகா, என்ன ரசனை என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் புரிந்துகொண்ட லட்சணம் இது!

மூன்று நாள் போனும் கையுமாக உட்கார்ந்தேன். கடல் ஓரம் தங்குவதா, ஊருக்குள்ளா? ஓட்டலா, காட்டேஜா? ஒரே இடத்தைப் பற்றி ஒருவர் 'வாசலிலேயே கடல்' என்று ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் 'வாசலுக்குள்ளேயே கடல்' என்று ஒரு ஸ்டார். கடைசியில், முன்னால் வராந்தாவும் இரண்டு சாய்வு நாற்காலியும் உள்ள ஒரு காட்டேஜ் மனதுக்குப் பிடித்தது. புக் பண்ணப் போகிற நேரம் பார்த்து போர்ட் பிளேரிலிருந்து போன். அங்கே வேலை பார்க்கும் என் சித்தி மகன்.

"என்ன அண்ணே, நான் ஒருத்தன் இங்கன குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீங்க ரூம் தேடிக்கிட்டுத் திரியுதீயளாமே!"

எங்கள் பக்கத்தில் இது லேசுப்பட்ட குற்றம் இல்லை. சொந்தக்காரன் இருக்கிற ஊரில் போய் லாட்ஜில் தங்கினால் பத்து வருஷத்துக்குப் பேச்சு வரும். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். காட்டேஜையும் மறந்தேன்.

கோமதியிடம் பெருமையாகச் சொன்னேன்: "நல்ல பெரிய வீடாம். கிச்சன்கூட விசாலமா இருக்காம்!"

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி. துருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன், இது எதற்கு என்று.

"உங்க தம்பி பொண்டாட்டி, அந்தப் பிள்ள, வேலைக்குப் போறவ. நாலு நாளும் அவ பொங்கிப் போடுவா, நான் கால நீட்டிக்கிட்டு இருப்பனா? நாந்தான பொங்கணும்?"

"அப்ப ஏன் சரின்னு சொன்ன?"

"நீங்க எங்க கேட்டீய? சொல்லத்தான செஞ்சீய?"

துருவியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

தென்காசிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் பிறந்து பக்கத்துக் குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்ததும் எங்கள் வீட்டு போன் அடிக்கும். "என்னய்யா, தண்ணி விழுதா?" விழுகிறது என்று சொன்ன மறுநாள் வாசலில் சொந்தக்காரர்களின் வேன் நிற்கும். வீடு நிறைய ஆள், கொடி நிறைய ஈரத்துண்டு. எல்லோரையும் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் டியூட்டி. அருவியில் நின்றுவிட்டு வந்தால் ஒரு பசி பசிக்கும் பாருங்கள்... அந்தப் பசிக்கு வீட்டில் இட்லி அவிந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் கோமதி வீட்டில்.

இப்படி இருபத்தைந்து சீசன்! இதில் அவள் எத்தனை தடவை அருவியில் குளித்திருப்பாள்? கல்யாணமான வருஷம் ஒரு தடவை வந்தாள். மகளுக்கு மொட்டை போட்ட வருஷம் ஒரு தடவை. அதற்கு மேல் எனக்கு ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் ஏன் ஜூலை என்றாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

தம்பிக்கு போன் போட்டேன். "ரூம்லயே தங்கிக்கிடுதோம்டே" என்றேன்.

"என்ன அண்ணே இப்பிடிச் சொல்லுதீய? மதினிக்கு எங்க மேல எதும் வருத்தமா?" குரல் சுருங்கிவிட்டது. அதற்குள் அங்கே போன் கை மாறியது. அவன் மனைவி.

"அத்தான், அக்காவ ரூம்லயே தங்க வைங்க" என்றாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்கனயும் சீசன்தான் அத்தான். கடல் பாக்கணும்னு வருசம் பூரா நம்ம ஊரு ஆளுக வருதாவ. நான் அந்தக் கடல்ல கால நனைச்சு எத்தன நாளாச்சு! ஒருநா லீவு போட்டுட்டு நானும் அக்கா ரூமுக்கு வந்துருதேன்."

உடனே காட்டேஜுக்குப் பேசினேன். எடுத்தவர் தமிழர். "ரூம் இருக்கு சார். ஆனா கிச்சன் வசதி மட்டும் கிடையாது, சாரி" என்று வருத்தப்பட்டார்.

"ரொம்ப நல்லதுங்க" என்றேன். அவருக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

கோமதியிடம் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை கேட்கவும் செய்தேன்: "உனக்குச் சம்மதமா?"

"காலைல காப்பி?"

"அவங்களே கொண்டாந்து கதவத் தட்டுவாங்களாம்."

"தட்டுவாங்களா!" என்று சிரித்தாள். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்களைக்குத் திரும்பியது. இட்லிப் பொடியை மட்டும் எடுக்கவில்லை. "அது அந்தப் பிள்ளைக்கு" என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதுரையிலிருந்து போன். "என்னய்யா, தண்ணி விழுதா?"

விழுகிறது. ஜோராக விழுகிறது. குற்றாலத்தில் நல்ல லாட்ஜுகளும் இருக்கின்றன!