இன்னும் விசாரிச்சுக்கிட்டிருக்கேன்!

அறுபத்தாறாம் வருடம் என்று நினைவு. ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் குடும்பம் அப்போது ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தது. அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். படித்த பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் அந்த நாளில் ஒரே அர்த்தம்தான். ஜாதகம் வெளியே போய்விட்டது என்று பொருள்.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வடக்கே ஒரு பெரிய ஊரில் வியாபார நிர்வாகம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக ஒரு கல்லூரி. நாடு முழுவதும் நுழைவுத் தேர்வு வைத்துக் கொஞ்சம் பேரை மட்டும் எடுப்பார்களாம். எழுதியே தீரவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. எனக்காக வேறு யாரும் பொறுக்கி எடுக்காத ஒரு விஷயம் முதல் முறையாகக் கண்ணில் பட்டது, அதனால்தான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "வியாபாரத்தைப் பள்ளிக்கூடத்துல போயா கத்துக்குவாங்க? பெரிய கடை வீதியில இருக்கிறவங்கள்லாம் எந்தக் காலேஜுல படிச்சாங்களாம்?" என்றாள்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மார்கழிக் கடைசியில் மதராஸில் பரீட்சை. அதற்குள் வரன் அமைந்துவிட்டால் பரீட்சைப் பேச்சே எடுக்கக் கூடாது. அமையாவிட்டால் அவரே கூட்டிப்போய் எழுத வைப்பார். எனக்குக் கிடைத்தது அவ்வளவு அவகாசம்தான்.

விண்ணப்பத்தோடு மாதிரிக் கேள்விகள் அடங்கிய மெல்லிய புத்தகம் ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நாலைந்து விடைகள். சரியானதற்குக் குறி போடவேண்டும். தப்பாகப் போட்டால் மார்க்கைக் குறைப்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடத் தேறாது. நானோ காலேஜில் ஒரு ஸ்டெப் விடாமல் எழுதி மார்க் வாங்கினவள். இரண்டும் இரண்டும் நாலு என்பதற்குக்கூடத் தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்தால்தான் எனக்குக் கை நகரும். கணக்கு வந்தது, வேகம் வரவில்லை.

வீட்டில் உட்கார்ந்தால் அம்மா ஏதாவது வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் மத்தியானம் டவுன் பஸ் பிடித்து, காவேரிப் பாலம் தாண்டி, தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த லைப்ரரிக்குப் போவேன். மூலையில் பெண்களுக்கென்று ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அதற்கு வருகிறவள் நான் ஒருத்திதான். என்னிடம் வாட்ச் கிடையாது. வீட்டு அலாரம் டைம்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். பைக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக் கண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

அவரை நான் குறை சொல்ல முடியாது. எனக்கும் சந்தேகம் பிறவிக் குணம். வெண்டைக்காயை எல்லோரும் ஒன்றிரண்டு நுனி ஒடித்துப் பார்ப்பார்கள். நான் மனுஷர்களையே அப்படித்தான் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளுக்கு எதிரில்தான் ஒருநாள் அந்த அம்மா வந்து உட்கார்ந்தார்.

முப்பத்தைந்து வயது இருக்கலாம். மடிப்புக் கலையாத வாயில் புடவை, மடியில் குடை, கையில் சின்ன வாட்ச். ஒரு பேப்பரை விரித்து ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அது முழுக்க டெண்டர் அறிவிப்பு.

மறுநாளும் வந்தார். "கண்ணாடி எப்பத்திலேருந்தும்மா போடுறே?" என்று கேட்டார். அப்புறம், "இவ்வளவு நீளப் பின்னல், சவுரி வச்சிருக்கியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கோடியில் கிடந்த வாரப் பத்திரிகையை எடுத்து வரமுடியுமா என்று கேட்டார். என்னை எழுப்பிவிட்டு டைம்பீஸை அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, பையையும் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். அவர் பையைப் பார்க்கவில்லை. நான் போவதையும் வருவதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். என் அம்மா அனுப்பிய உளவோ? இல்லை, இவரும் அதே பரீட்சைக்குப் படிக்கிறாரோ? எதற்கும் இருக்கட்டும் என்று முழங்கையால் கேள்விகளை மறைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே டைம்பீஸ் தன் வேலையைக் காட்டியது. அலாரத்தை நிறுத்தி வைக்க மறந்திருக்கிறேன். லைப்ரரியே அதிர அலறியது. இனி அதைக் கொண்டுவந்தால் உள்ளே விடமாட்டேன் என்று லைப்ரேரியன் சொல்லிவிட்டார். டைம்பீஸைப் பைக்குள் திணித்தேன். அப்போது அந்த அம்மா தன் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தனை நிமிஷம்னு சொல்லு, நான் பாத்துச் சொல்றேன். கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்தது. இதுல நேரம் பாக்குற வேலை இப்பத்தான் வந்திருக்கு."

சொன்னபடி செய்தார். "நிறுத்து" என்றால் நிறுத்தவேண்டும். குறி பாதி போட்டிருந்தாலும் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அரை நிமிஷம் கெஞ்சினாலும் கிடைக்காது. அவருக்குப் பயந்தே அடிக்கோடு போடுவது நின்றது, பிறகு ஸ்டெப் எழுதுவதும் நின்றது. என் வேகம் கூடக் கூடச் சந்தேகமும் கூடியது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இவர் ஏன் தினமும் மழையில் வந்து உட்காரவேண்டும்?

பதில் எங்கள் தெருவிலேயே கிடைத்தது. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. காலையில் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பும்போது, பக்கத்து வீட்டு வாசலில் அதே குடை. "பொண்ணு சத்தம் போட்டுப் பேசுமா? பெரியவங்ககிட்ட எப்படி?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. கண்ணாடி, பின்னல், நடை எல்லாம் எதற்கு என்று அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

மத்தியானம் லைப்ரரியில் உட்காராமலே கேட்டேன்: "யாரு நீங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "என் தம்பிக்குத்தாம்மா உன்னைப் பாக்குறாங்க. திருவெறும்பூர்ப் பக்கம் ஃபாக்டரியில இன்ஜினீயர். என்னைக் கட்டிக்குடுத்தது லால்குடியில. விசாரிக்காம எப்படிப் பொண்ணெடுக்கிறது? உங்க மாமாகூட தம்பி சாப்பிடுற மெஸ்ஸுல போயி, குடிப்பானா, சீட்டாடுவானான்னு கேட்டுட்டு வந்திருக்காரே!"

அது உண்மைதான். அந்த நாளில் சம்பந்தம் பேசும் இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் துப்பறிந்த பிறகுதான் தாம்பூலத்தையே எடுப்பார்கள்.

"உன்கிட்ட குறை ஒண்ணும் இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன். கார்த்திகைக்குள்ள நிச்சயம், தையில கல்யாணம்," என்றார்.

அழுதேன். கோபமும் வந்தது. அப்பா போட்ட நிபந்தனையைச் சொல்லி, என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடும்படி கெஞ்சினேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "அசடு மாதிரிப் பேசாதே. பிடிக்கலைன்னா ஏன்னு கேப்பாங்க. நான் ஒரு காரணம் சொன்னா ஊரு பத்துக் காரணம் சொல்லும். அப்புறம் உன் பேரு என்னாகும்?"

வாட்சுக்குச் சாவி கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மார்கழி பொறந்துட்டா யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க. அதுவரைக்கும் நான் இன்னும் விசாரிச்சுக்கிட்டிருக்கேன். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது பாரு." புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "உக்காரு. ஆரம்பிக்கட்டுமா?"

நான் நம்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழையும்போதே அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். தரகர் வந்துவிட்டுப் போயிருந்தார். பையன் வீட்டில் இன்னும் விசாரிக்கிறார்களாம். அடுத்த வாரமும் அதே பதில். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. "நம்ம வீட்டுல அப்படி என்னத்தைக் கண்டாங்க?" என்று புலம்பினாள். பிறகு அவள் யோசனை வேறு பக்கம் திரும்பியது. "குறை அவங்க பக்கம்தான் இருக்கணும். அதான் இழுத்தடிக்கிறாங்க," என்று மாமாவை மறுபடி அந்த மெஸ்ஸுக்கு விரட்டினாள். இரண்டு வீட்டிலும் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். நடுவில் என்னைச் சந்தேகப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

மார்கழி முதல் நாள் வாசலில் கோலம் போட்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை. அந்த அம்மா இனிமேல் வரத் தேவையில்லை. இருந்தும் அன்று மத்தியானம் லைப்ரரியில் இருந்தார். நான் மதராஸுக்குக் கிளம்பும் வரைக்கும் வந்தார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எனக்கே பஸ்ஸில் இடம் கிடைக்காத நாட்களில்கூட, லால்குடியிலிருந்து எப்படியோ வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் வாட்சைக் கட்டிக்கொண்டே, "அங்க நான் இருக்க மாட்டேன். மணியடிக்கிறதுக்கு முன்னாடி நீயா நிறுத்தப் பழகிக்க," என்றார்.

பரீட்சை நன்றாக எழுதினேன். இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், இடமும் கிடைத்தது. தை பிறந்ததும் பையன் வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தபோது, இவ்வளவு இழுத்தவர்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டாள்.

வைகாசியில் அந்த இன்ஜினீயருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வேறு யாருமில்லை, லால்குடி அம்மாவின் கணவருடைய சொந்தத் தங்கை. சேதி வந்ததும் அம்மா கொதித்தாள். "பாத்தியா! மொதல்லேருந்தே நாத்தனாரை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நம்மளை அலையவிட்டிருக்கா!"

எனக்குச் சுருக்கென்றது. இருக்கலாம். என் கண்ணீர் அவருக்கு வசதியாக அமைந்திருக்கலாம். அந்த அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. படித்து முடித்து, வேலைக்குப் போய், எத்தனையோ பேரோடு பேரம் பேசி, எல்லோரையும் சந்தேகப்பட்டே பிழைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் அவரையும் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. ஆனால் விசாரணையை இழுக்கவேண்டும் என்றால் அவர் லால்குடியில் உட்கார்ந்துகொண்டே இழுத்திருக்கலாம். மழையில் வந்து, வாட்சைக் கழற்றி வைத்து, அரை நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காமல் "நிறுத்து" என்று சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு என்ன இருந்தது என்பதற்கு மட்டும், இவ்வளவு சந்தேகப் பிராணியான எனக்கு, இன்றுவரை ஒரு கெட்ட காரணம் கிடைக்கவில்லை.