முதற் செயலாளர் இறக்கிவைத்த பால்

இரண்டு அரசாங்கங்கள் மாதக்கணக்கில் எதைப் பற்றிப் பேசும் என்று நினைக்கிறீர்கள்? எல்லை, ஆயுதம், கடன் என்று பெரிய விஷயங்களைச் சொல்வீர்கள். நான் உரைபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த பேச்சுவார்த்தைகளில் மிக நீளமாக இழுபட்டது ஓர் அடுப்பைப் பற்றியது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என் ஊர் நாவலப்பிட்டி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து, வெளிநாட்டுத் தூதரகங்கள் வீடு கட்டித் தருகிறோம் என்று வந்த காலம் அது. மூன்று மொழியும் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஒரு தூதரகம் கேட்டது, போனேன். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதர்கள், நத்தாருக்கு இன்னும் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

1. கண்டியில் முதல் நாள்

வாவியைப் பார்த்த ஒரு ஹோட்டலில் கூட்டம். ஒரு பக்கம் தூதரகத்தின் முதற் செயலாளர் ஹென்ரிக். நெடிய மனிதர், வீண்விரயம் அவருக்கு ஆகாது. ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் போய் அணைப்பார். ஹோட்டல் பாத்ரூமில் பைப் சொட்டினால் மனேஜரைக் கூப்பிடுவார்.

மறுபக்கம் எங்கள் அரசாங்கத்து அமைச்சின் மேலதிகச் செயலாளர் விஜேகோன். ‘இல்லை’ என்ற சொல்லை எந்த மொழியிலும் சொல்லாதவர். ஹென்ரிக்கைவிட நல்ல ஆங்கிலம் அவருக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்தில் சிங்களத்தில்தான் பேசுவார். நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை அடுத்த பதிலை யோசிக்கலாம் அல்லவா? கெட்டிக்காரர்.

நடுவில் நான். எனக்கும் ஒரு தட்டில் ரோல்ஸும் பட்டிஸும் வைப்பார்கள். கடித்த மறுநிமிடம் யாராவது பேசத் தொடங்குவார்கள். முழு பட்டிஸ் தின்ற உரைபெயர்ப்பாளர் உலகத்தில் இல்லை.

விஷயம் இதுதான். கலவரத்துக்குப் பயந்து மலையகத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போன குடும்பங்கள், அங்கே யுத்தத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து, புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சொந்தக்காரர்களின் லயக் காம்பராக்களில், அதாவது வரிசை வீட்டு ஒற்றை அறைகளில், ஒண்டியிருந்தார்கள். அவர்களுக்குத் தனி வீடு. காணி அரசாங்கத்தின் பங்கு, கட்டுமானம் தூதரகத்தின் பங்கு. பகல் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது.

அந்தக் குடும்பங்களின் சார்பில் வந்திருந்தவர் பாக்கியம் அக்கா. அண்ணன் வீட்டுக் காம்பராவில் நடுவே சேலை கட்டிப் பிரித்து, கணவரோடு குடியிருந்தவர். கடைசிக் கதிரையில் உட்கார்ந்து வீட்டின் பிளானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“மிஸ், குசினி எங்கங்க?”

ஹோலின் மூலையில் டைல்ஸ் பதித்த ஒரு திட்டைக் காட்டினேன். அதன்மேல் கேஸ் அடுப்பு வரவேண்டும், சமையலறை என்று தனியாக இல்லை.

“இது மேசைங்களே. கேஸுக்கு நாங்க எங்க போறது? எங்களுக்கு மிலாறு இருக்கு. பின்னால சின்னதா ஒரு குசினி, புகை போக ஒரு கூடு. அது போதுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு மிஸ். லயத்துப் புகையிலேயே கெடந்து நெஞ்சு அடைச்சுப் போச்சு. புது வீட்லயும் புகைன்னா அவரு தாங்கமாட்டாரு.”

மிலாறு என்பது தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சி. தோட்டத்தில் அதுதான் விறகு. இரண்டு பக்கத்துக்கும் விளக்கினேன். இரண்டு பக்கமும் தலையை ஆட்டி, நியாயமான கோரிக்கை என்றன. தேநீருக்கு முன் முடிந்துவிடும் என்று நினைத்தேன். என்ன செய்வது, தொழிலுக்குப் புதிது.

2. யார் முதலில் கேட்பது?

பிளானை மாற்ற யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் மாற்றத்தை யார் கேட்கிறார்களோ, அவர்கள் தங்கள் அனுமதியை முதலிலிருந்து எடுக்க வேண்டும். தூதரகம் கேட்டால் பிளான் அவர்களுடைய தலைநகருக்குப் போகும். அமைச்சு கேட்டால் கொழும்பில் ஒரு குழுவுக்குப் போகும். இரண்டுமே போனால் இலேசில் திரும்பாத இடங்கள்.

“அரசாங்கம் கோரினால் நாங்கள் சாதகமாகப் பரிசீலிப்போம்” என்றார் ஹென்ரிக்.

“தூதரகம் முன்மொழிந்தால் நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்போம்” என்றார் விஜேகோன்.

அடுத்த கூட்டத்திலும் இதையே சொன்னார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் ‘மகிழ்ச்சியோடு’ என்பது ‘மிகுந்த மகிழ்ச்சியோடு’ ஆனது. முன்னேற்றம் என்று மினிட்ஸில் எழுதினோம்.

இடையில் நோட் வேர்பல் வேறு. கையெழுத்தில்லாமல் தூதரகமும் அமைச்சும் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும் கடிதம் அது. ‘தனது உயர்ந்த மதிப்பைத் தெரிவிக்கும் பேறு பெறுகிறது’ என்று தொடங்கும், அடுத்த வரியில் குத்தும். சம்பந்திச் சண்டையைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

இடைவேளையில் ஹென்ரிக் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அவர்களைக் கேட்கச் சொல்ல முடியாதா?” என்பார். படியருகே விஜேகோன் நின்று, “மிஸ், அவங்கள ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்களேன்” என்பார் சிங்களத்தில். இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். மேசையில் பேசியதை மட்டும்தான் மொழிபெயர்ப்பேன், தூது போவது என் வேலையில்லை. தூதரகத்தில் வேலை செய்துகொண்டு தூது போகமாட்டேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இருவரும் சிரித்துவிட்டுப் போய் அதையே திரும்பச் சொன்னார்கள்.

தூதரகத்தின் நிதியாண்டு முடியப் போனது. அதற்குள் கையெழுத்தாகாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிவிடும், வீடே இல்லை. அது தெரிந்ததும் பாக்கியம் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“மிஸ், குசினி வேணாம்னு சொல்லிருங்க. வீட்டக் குடுத்தாப் போதும். அவர நான் எப்படியாச்சும் பாத்துக்கிறேன்.”

குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். ஆனால் வேண்டாம் என்பதும் ஒரு கோரிக்கையாம். கோரிக்கையை அவர் அமைச்சின் மூலமாகத்தான் அனுப்ப வேண்டுமாம். அன்று வந்த ஆத்திரத்தில் முழு பட்டிஸையும் வாயில் திணித்தேன். உடனே விஜேகோன் பேசத் தொடங்கினார்.

3. மாதிரி வீடு

கடைசி முயற்சியாக, தோட்டத்தில் கொந்தராத்துக்காரர் கட்டிவைத்திருந்த மாதிரி வீட்டை இரண்டு பக்கமும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவானது. கம்பளை வழியாக ஏறிப் போனோம். முதல் நாள் பெய்த மழையில் பாதையெல்லாம் சேறு. ஹென்ரிக்கின் பாலிஷ் போட்ட சப்பாத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வீட்டில் பால் காய்ச்ச ஏற்பாடு செய்திருந்தார்கள். புது வீட்டுக்குள் வேறெப்படி நுழைவது? கேஸ் வந்து சேரவில்லை. டைல்ஸ் திட்டின்மேல் மூன்று செங்கல்லை வைத்து, மிலாறு மூட்டி, புதுப்பானையில் பாலை வைத்திருந்தார் பாக்கியம் அக்கா. அந்தச் சின்ன ஹோலில் நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம்.

பால் விளிம்புக்கு வந்தது. எல்லோரும் கைகூப்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஹென்ரிக் பாய்ந்தார். கோட்டைக் கழற்றிக் கைக்குத் துணியாகப் பிடித்து, பானையைத் தூக்கிக் கீழே வைத்தார். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

“நல்ல வேளை!” என்றார், எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

கிழவிகள் நெஞ்சில் கை வைத்தார்கள். பாக்கியம் அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. சிங்கள வீடுகளிலும் புதுமனை புகும்போது பால் பொங்கித்தான் வழிய வேண்டும். பல மாதமாகக் குரலே உயர்த்தாத விஜேகோன், நான் வாய் திறக்குமுன் சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டு, நேராக ஆங்கிலத்தில் கத்தினார்.

“அனே தெய்யனே! புட் இட் பேக்! புட் இட் பேக்!”

உயர்ந்த மதிப்பும் இல்லை, பேறும் இல்லை. ஹென்ரிக் பதறிப்போய்ப் பானையைத் திரும்பத் தூக்கினார்.

“வேணாங்க, எறக்குன பால் ஆகாது. புதுசாத்தான் வைக்கணும்” என்றார் பாக்கியம் அக்கா.

“இதுலயே கொஞ்சம் பால் சேத்தாப் போதும்தானே?” என்றார் விஜேகோன், உடைந்த தமிழில். அவருக்குத் தமிழும் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“உங்க பக்கம் எப்படியோங்க. இது நாங்க இருக்கப்போற வீடு.”

விஜேகோன் உடனே ஒத்துக்கொண்டார். அந்த வருடத்திலேயே வேகமாக முடிந்த பேச்சுவார்த்தை அதுதான். லயத்தில் மாடு வைத்திருந்த வீட்டுக்குப் பாலுக்கு ஆள் போனது.

அதற்குள் ஹென்ரிக்குக்கு விஷயத்தைச் சொன்னேன். பால் வழிவது நஷ்டமில்லை, வழிந்தால்தான் வீட்டில் எல்லாம் நிறையும் என்றேன். மனிதர் காதுவரை சிவந்துவிட்டார். பிராயச்சித்தமாக அடுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஊதுகுழலை வாங்கிக்கொண்டார். புதுப் பாலும் வந்து சேர, அணைந்த அடுப்பில் பாக்கியம் அக்கா புது மிலாறு வைத்தார். அது மழையில் நனைந்தது. முதற் செயலாளர் உயிரைக் கொடுத்து ஊதினார். நெருப்பு வரவில்லை, புகை வந்தது. கோயில் யானையே மறைந்துபோகும் அளவுக்கு வந்தது.

விஜேகோன் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

“ஐயா, பால் பொங்குற வரைக்கும் யாரும் வாசப்படி தாண்டக்கூடாதுங்க. சாத்திரம்” என்றார் பாக்கியம் அக்கா.

அப்படியொரு சாத்திரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் மேசையில் சொன்னதை மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. சிங்களத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, பயபக்தியோடு சொன்னேன். யாரும் அசையவில்லை. ஒரு தடவை பட்டவர்கள் அல்லவா!

எல்லோர் கண்ணிலும் தண்ணீர். இருமல் ஒரு சுற்று வந்து மறு சுற்றும் போனது. மூலையில் பாக்கியம் அக்காவின் கணவர் சுப்பையா அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருடைய நெஞ்சு விசில் மாதிரி கத்தியது. எல்லோரும் அவரையே பார்த்தோம். அதன்பிறகு சாத்திரமாவது ஒன்றாவது என்று, பாக்கியம் அக்காவே அவரை வெளியே தள்ளிவிட்டார்.

“இந்தப் புகை எங்கேதான் போகும்?” என்றார் விஜேகோன்.

“புகைபோக்கி எங்கே?” என்றார் ஹென்ரிக்.

இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அதாவது புகைக்குள் எந்த அளவுக்குப் பார்க்க முடியுமோ அந்த அளவுக்கு. முதலில் கேட்டது யார் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருவராலும் முடியாது.

“மிஸ், எழுதுங்க” என்றார் விஜேகோன் இருமிக்கொண்டே. “இரண்டு தரப்பும் ஒன்றாகக் கண்ட குறைபாடு. தளத்தில் ஒன்றாகக் கண்ட குறையை என்ஜினியரே திருத்தலாம். கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.”

“எங்களுக்கும் அப்படித்தான்” என்றார் ஹென்ரிக், ஊதுகுழலை விடாமல்.

இந்த வழி இருவருக்கும் முதல் நாளே தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒன்றாகக் காண ஓர் இடம்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. ஒருவழியாக மிலாறும் பற்றிக்கொள்ள, கொஞ்ச நேரத்தில் பாலும் பொங்கிச் சுற்றிலும் வழிந்து, ஹென்ரிக்கின் கோட்டில் ஊற்றியது. பெண்கள் குலவையிட்டார்கள். அதே வாரம் கையெழுத்தானது.

4. பிறகு

வீடுகள் கட்டி முடித்துக் குடியேறி, நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் புசல்லாவைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தது சுப்பையா அண்ணன்.

“வாங்க மிஸ், வாங்க வாங்க. மேட்டுல ஏறி வந்தீங்களா? நானும் இப்பத்தான் கடைக்குப் போய்ட்டு ஏறி வந்தேன்” என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்த நெஞ்சு விசில் அடிக்கவில்லை. பின்பக்கம் குசினியில் மிலாறு எரிந்துகொண்டிருந்தது, ஹோலில் புகையின் வாடைகூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழி போடப் புகையும் இல்லாததால் கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

தேத்தண்ணி கொண்டு வந்த பாக்கியம் அக்காவிடம், பல வருடமாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“அக்கா, பால் பொங்குற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாதுங்கிற சாத்திரம் எந்த ஊருது?”

“அதுவா மிஸ்?” என்றார். “எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே ரெண்டு பாஷையில சொன்னீங்க.”

இளைய உரைபெயர்ப்பாளர்களே, சொன்னதைச் சொல்லுங்கள், கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். உண்மையா என்று கேட்பது நம் வேலையில்லை. அன்று நான் கேட்டிருந்தால், சுப்பையா அண்ணன் இன்று கடைக்குப் போய்த் திரும்பியிருக்கமாட்டார்.