மூன்றாம் ஆண்டுக் காவடியும் நான் மறைத்த காய்ச்சலும்

ஆற்றிலிருந்து கரையேறிய என் தகப்பனாரின் வெள்ளைச் சட்டையில் சேற்று மணமும், எத்தனை முறை துவைத்தாலும் போகாத ரப்பர்ப் பாலின் புளித்த வாடையும் கலந்து வீசின. துண்டும் கையுமாகக் கரையில் நின்ற ஒன்பது வயதுச் சிறுமியாகிய நான், புதிதாகப் பிறந்துவிட்டார் என்று சொல்லப்பட்டவரிடமிருந்து பழைய வாடை வருவதேன் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நாங்கள் மெர்போக் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டம் தோட்டமாகச் சென்று ஜெபக்கூட்டம் நடத்தி வந்த போதகர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, ஓராண்டாகக் கள்ளைத் தொடாமலிருந்த தகப்பனார் அன்று ஞானஸ்நானம் பெற்றார். பழைய மனிதர் தண்ணீரோடு போய்விட்டார், இனி இவர் கிறிஸ்துவுக்குள் புதிய பிறவி என்று போதகர் அறிவித்தபோது கூடியிருந்த ஏழெட்டுப் பேரும் கைதட்டினர். என் தாயார் மட்டும் வரவில்லை.

அவர் வராததற்கு நானே காரணம். ஆறு வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு நினைவு தப்பியபோது தகப்பனார் கள்ளுக்கடையில் கிடந்தார். பக்கத்து வீட்டார்தாம் என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றனர். போதை தெளிந்து வந்து என்னைப் பார்த்தவர், பிள்ளை பிழைத்தால் மூன்று தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டார். இரண்டு காவடிகள் எடுத்தாயிற்று. மூன்றாவதற்கு ஆறு வாரம் இருக்கையில் ஆற்றில் இறங்கிவிட்டார்.

"நேந்த ஆளு செத்துட்டான். இப்ப இருக்கிறவன் வேற ஆளு," என்றார் தகப்பனார்.

"அப்ப எனக்குத் தாலி கட்டுன ஆளு? அவரும் செத்துட்டாரா? நான் இப்ப யாருக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன்?" என்று தாயார் கேட்டார்.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்குச் சென்றால் அங்கும் கேலிதான். "என்னாண்ணே, புதுசாப் பொறந்திருக்கியாம்ல! பல்லு மொளைச்சிருச்சா? பச்சப் புள்ள பால் வாளி தூக்கலாமா லா?" என்று ஒருவர் கேட்க, வரிசை முழுவதும் சிரிக்கும். தகப்பனார் தம் பெயர் கூப்பிட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். ஆண்டவர் எனக்கு ஜெயம் தருவார், எல்லாரும் பார்க்கத்தான் போகிறார்கள் என்று வீட்டில் வந்து சொல்வார்.

எல்லாரும் பார்த்தது என்னைத்தான். நேர்த்தியை முறித்த வீட்டில் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுவதும் காத்திருந்தது. அடுத்த வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம், "வா ஆயி, ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சென்றார். நான் இருமினால் தாயாரின் முகம் வெளுக்கும். தகப்பனாரின் முகம் கறுக்கும்.

தைப்பூசத்திற்கு நான்கு நாள் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது.

அதை நான் மறைத்தேன். உடம்புச் சூடு தெரியாதிருக்க அடுப்பருகிலேயே அமர்ந்து விறகு தள்ளினேன். தாயார் தலை வாரக் கூப்பிட்டபோது நானே வாரிக்கொண்டேன் என்றேன். சோற்றைக் கோழிகளுக்குப் போட்டேன். கள்ளை விட்ட ஓராண்டில் எங்கள் வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை. தகப்பனார் எனக்குப் பென்சில் சீவித் தந்தார். தாயாரின் கையில் காயம் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் தகப்பனார் தோற்றுவிடுவார், தோற்றால் அந்தப் பழைய அப்பா திரும்பி வந்துவிடுவார் என்பதே என் சின்னப் புத்திக்கு எட்டிய கணக்கு. அந்தப் புதிய அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு என் உடம்பின்மேல் இருந்ததாக நம்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது வாசலெங்கும் ஆட்கள். "இன்னும் என்னா லா பாக்குற? வேண்டிக்க! காவடி எடுக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லு!" என்று ஒருவர் தகப்பனாரை அதட்டினார். தாயார் தகப்பனாரின் காலடியில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. ஜெபிப்பதற்குத் திறந்த தகப்பனாரின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. பிறகு குனிந்து என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, செருப்புமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கு வைத்தியம் பார்த்துவந்த "டிரஸ்ஸர்" ஊசி போட்டுவிட்டுச் சீறினார்: "மூணு நாள் காய்ச்சல் இது. வீட்டுல யாருக்கும் கண்ணு இல்லையா?"

தகப்பனார் என் பக்கம் திரும்பினார். "ஏன் ஆயி சொல்லல? அப்பா அடிப்பேன்னு பயந்தியா?"

"இல்லப்பா. நீங்க தோத்துருவீங்கன்னு."

அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஓடிவந்து நின்ற தாயாரின் காதிலும் விழும்படிச் சொன்னார்: "ஜெயிக்கிறதுக்கு நான் யாரு? பொறந்து ஆறு வாரம் ஆவுது, நிக்கவே தெரியல. பெரிய வீரன் மாதிரி புள்ளைய முன்னால நிறுத்திட்டேன். அன்னிக்கும் ஒன்னைய விட்டுட்டேன், இன்னிக்கும் விட்டுட்டேன். என்னைய மன்னிச்சிரு ஆயி." பழைய அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதை நான் கண்டதில்லை, ஆற்றிலிருந்து எழுந்து வந்த அப்பாவும் அதுவரை கேட்டதில்லை.

தாயார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் பால்குடம் எடுக்கிறேன். என் புள்ளைக்கு நான் நேந்துக்கிட்டேன். தடுக்காதீங்க."

"தடுக்கல. போயிட்டு வா. நான் இவகிட்ட இருக்கேன்."

தைப்பூசத்தன்று தாயார் சுங்கை பட்டாணி முருகன் கோயிலுக்குப் பேருந்தில் சென்றார். தகப்பனார் என் கட்டிலருகே அமர்ந்து, நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. யாருடைய வேண்டுதலால் இறங்கியது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. போதகர் வந்து மனைவியை ஏன் அனுப்பினாய் என்று கடிந்துகொண்டபோது, தகப்பனார், "ஐயா, நான் பொறந்தது போதும்னு நெனச்சிட்டேன். வளரணும்ல," என்று மட்டும் கூறினார்.

நானும் பிற்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றேன். மறுபிறப்பு என்பதைப் பழைய கணக்குகள் கிழிக்கப்பட்ட வெற்றியாக எடுத்துச் சொல்லும் பிரசங்கங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். நான் கண்டது வேறு: பிறந்த குழந்தையிடம் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, அது தூக்கப்பட வேண்டியது. அதன் பிறகும் தகப்பனார் இரண்டு முறை கோபத்தில் கை ஓங்கினார். இரண்டு முறையும் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார். தாயார் கடைசிவரை முருகனடியாராகவே வாழ்ந்தார்.

இன்று அந்த லயம் இல்லை. பெரட்டுக் களத்தில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. அன்று கேலி செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூலிம் நகரத்தில் தொழிற்சாலைப் பேருந்து ஏறுகிறார்கள். போனவற்றில் பலவற்றுக்காக வருந்துகிறேன். ஒன்று போனதற்கு மட்டும் வருத்தமில்லை: என் தகப்பனாரையும் அவர் நம்பிய கடவுளையும் நான் காப்பாற்றியாக வேண்டும் என்று அடுப்பருகே அமர்ந்திருந்த அந்தச் சிறுமியின் பயம்.