உளுத்த உத்திரங்கள்

கொடைக்கானலில் அடுத்தவர் வீட்டுத் தரைக்கு அடியில் தவழ்ந்து பார்ப்பதுதான் என் சோலி. பலகைத் தரை வீட்டில் குடியிருக்கும் சகோதர சகோதரிகளே, ஹாலில் நடந்தால் அலமாரியில் டம்ளர் கிணுகிணுக்கிறதா? 'குளிருக்கு மரம் சத்தம் போடுது' என்று உங்களை நீங்களே சமாதானம் செய்துகொள்கிறீர்களா? நானும் அப்படித்தான் செய்கிறேன். என் வீட்டிலும் பலகைத் தரைதான்.

இந்த வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு பொந்து இருக்கும். சுவருக்குச் சுவர் கனமான உத்திரம், அதன்மேல் குறுக்கே சட்டங்கள், அவற்றின்மேல் பலகை. நீங்கள் பார்ப்பது பலகையை மட்டும். உங்களைச் சுமப்பது உத்திரமும் சட்டமும். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக நான் உள்ளே நுழைவது அவற்றைப் பார்க்கத்தான்.

அடைத்த ஓட்டைகள்

நாயுடுபுரத்தில் ஒரு ரிட்டயர்டு டீச்சர். கணவருக்குப் பக்கவாதம், கட்டிலோடு கிடந்தார். கட்டிலின் ஒரு கால் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது என்று டீச்சர் கூப்பிட்டார். அடியில் போய்ப் பார்த்தேன். சட்டங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல இறங்கியது. காற்றுப் போக வெளிச்சுவரில் விட்டிருந்த ஓட்டைகளை யாரோ சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். மண்ணின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் மரத்திலேயே தங்கிவிட்டது.

"சாரை முன் ரூமுக்கு மாத்திட்டுத்தான் வேலை பாக்கணும் டீச்சர்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைத் தவிர மனிதருக்கு வேறு எதுவும் அடையாளம் தெரியவில்லையாம்; இடம் மாற்றினால் பயந்து அலறுவாராம். கடைசியில் கட்டிலுக்கு நேர் கீழே ஜாக்கி கொடுத்துத் தாங்கி, அவர் மேலே படுத்திருக்கும்போதே சட்டங்களை மாற்றினோம். கீழே சுத்தியல் விழும்போதெல்லாம் மேலே அவர் குழறிக் குழறிக் கேட்டது எங்கள் காதில் விழுந்தது: "யாரு கதவத் தட்டுறா?"

கழற்றிய சட்டங்களை வாசலில் போட்டிருந்தோம். டீச்சர் வந்து குனிந்து ஒன்றைத் தொட்டார். விரல் பட்ட இடம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொடியைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓட்டைய அடைக்கச் சொன்னது நாந்தாம்மா. அவருக்குக் குளிருமேன்னுதான் அடைச்சேன்."

கயிறு

வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். சரிவை எட்டிப் பார்த்தபடி தைல மரக் கம்பங்களின்மேல் ஒரு டெக், அதாவது திறந்த பலகை மேடை, கட்டியிருந்தார்கள். பாத்ரூம் பைப் போக இடம் வேண்டுமென்று முக்கிய உத்திரத்தைப் பாதிக்கு மேல் அறுத்து எடுத்திருந்தார் பிளம்பர். அறுத்த வாயிலிருந்து விரிசல் நீளமாக ஓடியிருந்தது. "உத்திரத்தை மாத்துற வரைக்கும் ஒருத்தரும் இதுல ஏறக் கூடாது" என்று ஓனரிடம் சொன்னேன். தலையாட்டினார். என் கண் முன்னாலேயே குறுக்கே கயிறும் கட்டினார்.

சனி, ஞாயிறு வந்தது. கூட்டமும் வந்தது. பனிமூட்டத்தோடு போட்டோ எடுக்க டெக் வேண்டும் என்றார்களாம். கயிறு போய்விட்டது. டெக் ஒரு பக்கமாகச் சரிந்தபோது டூரிஸ்டுகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் சிராய்ப்போடு தப்பினார்கள். டீ கொண்டு வந்த, அங்கே வேலை பார்க்கும் செல்விக்கு இரண்டு கையிலும் தட்டு. பிடிக்கக் கை இல்லை. கீழே பாறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "கயிறு கட்டியிருந்த வரைக்கும் நான் அந்தப் பக்கமே போகலக்கா. அவுத்துட்டாக, சரியாயிருச்சுன்னு நெனச்சேன்."

புரோக்கரின் கால்

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ள இது. வீடு வாங்க வந்த மதுரைக்காரருக்காக நான் அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். மேலே புரோக்கர், "தேக்கு சார், யானை நடந்தாலும் அசையாது" என்று குதித்துக் காட்டினார். மடாரென்று என் முகத்துக்கு முன்னால் ஒரு கால் வந்து தொங்கியது, ஷூவோடு. நான் பதறி வெளியே வருவதற்குள், தொடை வரை மாட்டிக்கொண்ட நிலையிலேயே அந்த மனிதர் சொன்னார்: "இத மட்டும் மாத்திட்டா வீடு பக்கா சார்!"

பூண்டுப் பரண்

கிளாவரையில் பாண்டி என்ற விவசாயி, சுவர் விரிசலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். விரிசல் சுவரின் குற்றமில்லை. கூரை ஒழுகி, மண்சுவருக்குள் போகும் உத்திரத்தின் நுனி உளுத்திருந்தது. அதன்மேல் பரண், பரண் முழுக்க வெள்ளாமைப் பூண்டு, கொத்துக் கொத்தாக. அதற்கு நேர் கீழே, பிளஸ் டூ முடித்திருந்த அவர் மகளின் பாய்.

"இன்னிக்கே பூண்ட எறக்குங்க. பிள்ளை இங்க படுக்க வேணாம்" என்றேன். "நல்ல வெல வரட்டும்னு வச்சிருக்கோம்" என்று அவர் மனைவி இழுத்தார். நான் விடவில்லை. உத்திரத்தில் குத்திக் காட்டினேன். இறக்கினார்கள். மழைக்காலம், வேறு காய்ந்த இடம் கிடையாது. வியாபாரி கேட்ட விலைக்கே போனது.

அந்த மழையிலேயே உத்திரம் விழுந்தது, பாய் விரித்திருந்த அதே இடத்தில். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேள்விப்பட்டு ஓடினேன். பதற்றம்தான், ஆனால் நம் பேச்சு ஓர் உயிரைக் காப்பாற்றியதே என்ற பெருமையும் உள்ளே இருந்தது, மறைப்பானேன். பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மகள் காபி கொண்டு வந்தாள். "எந்தக் காலேஜ்மா சேந்திருக்க?" என்று கேட்டேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அம்மாதான் சொன்னார்: "உசுரோட இருக்கா, அது போதும்க்கா. நர்சிங் சேக்குறதுக்குன்னு வச்சிருந்த பூண்டுதான் அன்னிக்கு எறக்குனது."

என் வாக்கு பொய்த்தாலும் ஏச்சு, பலித்தாலும் அழுகை என்று ஆகிப்போன தொழில் இது. ஆனாலும் மழை தொடங்கிவிட்டால் என் போன் மட்டும் ஓய்வதே இல்லை.