பூட்டுத் திரைக்கு முன் ஒரு வினாடி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓர் இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை பென்டிரைவில் ஏற்றி அவளுடைய பழைய லேப்டாப்பில் நிறுவியது. ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில்.

"இது இன்னும் வெளிவரலைம்மா. எங்கேயாவது சொதப்பும்."

"சொதப்பட்டும் பாப்பா. குறையில்லாத சட்டையைப் பார்க்கவா என்னை இருபத்தாறு வருஷம் நிக்க வெச்சாங்க?"

அம்மா ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டையைக் காலரில் தொடங்கி ஒரு சுற்று பார்ப்பாள். தையல் விட்ட இடத்தில் நகமளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஓய்வு பெற்ற அன்று ஸ்டிக்கர் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள்.

முன்பொரு முறை லேப்டாப் மந்தமானபோது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய அந்த இயங்குதளத்தை நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திரையில் நாலு அம்பு. ஒரு பொத்தான் கோணல். ஒரு பட்டியல் பாதியில் நிற்கிறது. "இதை யார்கிட்ட சொல்றது?" என்றாள். வெளியீட்டுக்கு முன் சோதித்துச் சொல்கிறவர்களுக்கென்று ஒரு இணைய மன்றம் இருந்தது. அம்மா தமிழில் தட்டி வைப்பாள். நான் மொழிபெயர்த்து அவள் பெயரில் அனுப்புவேன். பதில் எழுதும் நிரலாளருக்கு அங்கே 'மரங்கொத்தி' என்று பெயர். ஆளை நாங்கள் பார்த்ததில்லை. அம்மாவுக்கு அவர் மரங்கொத்தித் தம்பி.

எதையும் உடனே எழுதிவிட மாட்டாள். "முதல் தடவை கண்ணோட தப்பு. ரெண்டாவது தடவை கையோட தப்பு. மூணாவது தடவையும் வந்தாத்தான் துணியோட தப்பு." மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் அம்பு.

சோதனைப் பதிப்பைப் போட்ட மறுநாள், திங்கள் இரவு, போனில் கூப்பிட்டாள். "மூடியை மூடித் திறந்தா, பூட்டு வர்றதுக்கு முன்னாடி நான் பார்த்துக்கிட்டிருந்தது ஒரு நொடி தெரியுது பாப்பா. ரெண்டு தடவை ஆச்சு."

நெட்வொர்க் பராமரிப்பு என் தொழில். அன்று எனக்கு வேலை நெருக்கடி. "பழைய மெஷின்மா. விடு" என்றேன்.

செவ்வாய் காலை, காய்கறிக் கடை வாசலில் அவள் இதயம் நின்றது.

ஒரு வாரம் கழித்து அண்ணன் மேசையைக் காலி செய்தான். லேப்டாப் மூடியபடி இருந்தது. சார்ஜர் ஒயரில் கை வைத்தான்.

"கழட்டாதே. பேட்டரி செத்துப்போச்சு. கழட்டினா அணைஞ்சிடும்."

"தூங்குற லேப்டாப்புக்கு எதுக்குடி சோறு?"

மூடியைத் திறந்தேன். ஒரு வினாடி, அம்மா எழுதிக்கொண்டிருந்த பக்கம். பிறகு பூட்டுத் திரை. அண்ணன் கையை எடுத்துக்கொண்டான்.

கடவுச்சொல் எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று கற்றுக்கொடுத்ததே நான்தான். மூடினேன். திறந்தேன். அதே பக்கம், அதே ஒரு வினாடி. அறைக்குள் நுழையும்போது இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல. எத்தனை முறை மூடித் திறந்தேன் என்று எண்ணவில்லை. அண்ணன், "போதும்டி, அவங்களைத் தூங்க விடு" என்றான். லேப்டாப்பைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

பிறகு போனில் வீடியோ எடுத்து, அந்த வினாடியை நிறுத்திப் படித்தேன். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. சேமிக்கவில்லை.

"பாப்பா, மரங்கொத்தித் தம்பிக்குச் சொல்லு. மூடித் திறந்தால் பூட்டுக்கு முன்னால் உள்ளே இருப்பது தெரிகிறது. வெளியாள் பார்த்துவிடலாம். மெஷின் பழசு என்றாய். என் கண்ணும் பழசுதான். அதனால் நாளைக்கு மூன்றாவது தடவை பார்த்துவிட்டு"

அவ்வளவுதான். விசைப்பலகையின் ஓரத்தில் சுருளிலிருந்து வெட்டிய ஒரு அம்பு, பின்தாள் உரிக்காமல் இருந்தது.

உரித்துத் திரையில் ஒட்டினேன். வீடியோவில் அம்மாவின் எழுத்துகளை மறைத்துவிட்டு, அதை மன்றத்துக்கு அனுப்பினேன். அம்மா இறந்ததை எழுதவில்லை.

நான்கு நாளில் மரங்கொத்தி பதில் போட்டார். கணினி பழசாக இருப்பது காரணமில்லை, எல்லாக் கணினியிலும் வருகிறது, திருத்தியாகிவிட்டது. புதிய சோதனைப் பதிப்பைப் போட்டு, அதே லேப்டாப்பில் மூன்று தடவை பார்த்துச் சொல்ல முடியுமா? அம்மாவின் மூன்று தடவை அவருக்கும் பழகியிருந்தது. வெள்ளிக்கிழமை வெளியீடு.

பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். நிறுவ வேண்டுமென்றால் லேப்டாப்பை ஒருமுறை அணைக்க வேண்டும். அணைத்தால் அந்தப் பக்கம் போய்விடும். வீடியோ இருக்கிறது. அது வேறு. வீடியோவில் யாரும் எழுந்து போனதுபோல இல்லை.

வெள்ளிக்கிழமை போய்விட்டது. என் பதில் இல்லாமலே வெளியிட்டுவிட்டார்கள். மன்றத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே அந்தக் கேள்வி இன்னும் திறந்திருக்கிறது: திருத்தம் சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லவும்.