ஜனனப் பதிவில் எதிர்வீட்டு மகள்

அப்பா பினாங்கிலிருந்து எழுதிய கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டியவள் நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தம்பிக்கு ஐந்து வயது; அவன் உறையிலிருந்து தபால்தலையைக் கிழிப்பதிலேயே குறியாக இருந்தான். மூன்று பேரும் புறப்பட்டு வந்துவிடுங்கள், ஆவணியில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் என்று அப்பா எழுதியிருந்தார். சண்டைக்காலம், முன்னைப்போல டிக்கெட் வாங்கி ஏறிவிட முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு மூன்று பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ, அம்மை குத்திய சீட்டு, பிள்ளைகள் இருவருக்கும் ஜனனப் பதிவின் நகல். ‘ஒன்று குறைந்தாலும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

கோடு போட்ட வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். அப்பா எங்கள் ஊர் குத்துக்கல்வலசையை விட்டுப் போனபோது எனக்கு ஐந்து வயது. அவர் முகம் பாதிதான் ஞாபகம் இருந்தது. கடலை நான் பார்த்ததே இல்லை. அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் ஐந்தருவிதான். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாய் மூடவில்லை நான். கப்பலில் போகப்போகிறேன் என்று எல்லாரிடமும் தம்பட்டம் அடித்தேன். வாத்தியார்கூட, ‘வாங்க பினாங்குக்காரம்மா’ என்று கேலி செய்வார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னைப் பெற்றவளை நான் ‘சித்தி’ என்றுதான் கூப்பிட்டேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாக நான். அப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் எமனை ஏமாற்ற என்ன செய்வார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பிறந்த மூன்றாம் நாள், எதிர்வீட்டுக்காரி ஒரு முறத்தில் தவிடு கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு புறவாசல் வழியாகத் தன் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. ஒரு நாழிகை கழித்து என்னைத் திரும்பக் கொண்டுவந்து, ‘என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் குடு’ என்றாள். அதிலிருந்து நான் அவள் பிள்ளை. அம்மா எனக்குப் பால் கொடுத்த சித்தி. எதிர்வீட்டுக்காரியை இங்கே தவிட்டம்மா என்று எழுதுகிறேன், படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. அன்றைக்கு எனக்கு அவள் வெறும் அம்மாதான். உண்டது, உறங்கியது, உதை வாங்கியது எல்லாம் பெற்றவளிடம். அம்மா என்ற சொல் மட்டும் எதிர்வீட்டுக்கு.

இந்த அளவில் இது ஊர் வழக்கம். நிறைய வீடுகளில் உண்டு. எங்கள் தாத்தா அதோடு விடவில்லை. கிராம முன்சீப்பிடம் போய்ப் பிறப்பை எழுதி வைத்தபோது, தகப்பன் பெயர் என்ற இடத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயரையும், தாய் பெயர் என்ற இடத்தில் தவிட்டம்மா பெயரையும் சொல்லிவிட்டார். எமனுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. முன்சீப்புக்கும் உண்மை தெரியும். ஆனால் அவர் வீட்டிலும் அப்படி மூக்குக் குத்தி வளர்த்த மகன் ஒருவன் இருந்தான். மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டார். தாத்தா செய்ததை அம்மா மட்டும் அறிவாள். தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. நான் தங்கிவிட்டதால் தம்பிக்கு இதெல்லாம் செய்யவில்லை.

முதலில் போட்டோ எடுத்தோம். தென்காசியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அம்மா நாற்காலியில், மடியில் தம்பி, பக்கத்தில் நான். போட்டோக்காரர், ‘பிள்ளை தோள்ல கையைப் போடுங்கம்மா’ என்று மூன்று முறை சொன்னார். அம்மா போடவில்லை. கை வலிக்கிறது என்றாள். தம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் வலிக்கவில்லை போலிருக்கிறது.

நகல் வாங்கத் தாலுகா கச்சேரிக்கு நாங்கள் தவிட்டம்மாவின் புருஷனைத் துணைக்குக் கூட்டிப்போனோம். ஆண்பிள்ளை ஒருவர் வந்தால் நல்லது என்பது அம்மாவின் கணக்கு. குமாஸ்தா தம்பியின் பதிவை உடனே எடுத்துவிட்டார். என்னுடையதைத் தேடப் பகல் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. கடைசியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ‘அந்த வருசம் அந்த மாசம் உங்க தெருவுல ஒரு பொம்பளப்பிள்ளதான் பொறந்திருக்கு. ஆனா தகப்பன் பேரு வேறயால்லா இருக்கு’ என்று சொல்லிப் பெயரை வாசித்தார்.

‘அது எம்பேரு அண்ணாச்சி’ என்றார் தவிட்டம்மாவின் புருஷன். நான் எட்டிப் பார்த்தேன். எழுத்து குண்டு குண்டாக, அழகாகவே இருந்தது. அந்தப் பதிவின்படி எனக்கும் பினாங்கிலிருக்கும் அப்பாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குமாஸ்தா நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாலும் வழி சொன்னார். இரண்டு பெண்களும் டிப்டி கலெக்டர் முன்னால் போய் நடந்ததைச் சொல்லி, வாக்குமூலத்தில் கைரேகை வைத்தால் அவர் திருத்த உத்தரவு போட்டுவிடுவார். அதிகாரி சாரல் முடியும்வரை குற்றாலத்தில்தான் முகாம். வருகிற வாரம் போய்ப் பார்த்துவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தவிட்டம்மா, ‘இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நான் வந்து சொல்லுதேன். பெத்தவ நீ. அதுல என்ன ஒளிவு மறைவு?’ என்றாள்.

‘பத்து வருசமா அந்த எழுத்தத்தான் மதினி நம்பிட்டு இருக்கேன்’ என்றாள் அம்மா.

‘அதான் பிள்ளை தப்பிச்சிட்டுதே. இனி என்ன?’

‘தப்பிச்சது அதனாலதான? அதை நானே போயி அழிச்சிட்டு வரவா?’

ஆனால் புறப்படுகிற அன்று அம்மாவும் வண்டியில் ஏறினாள். மனசு மாறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். குற்றாலம் போகும் வழியெல்லாம் சாரல். தம்பி கையை வெளியே நீட்டி நனைந்துகொண்டே வந்தான். நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டால் கப்பல்.

பங்களா வராந்தாவில் எங்களுக்கு முன்னால் நிலத் தகராறுக்காரர்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் போனபின் கூப்பிட்டார்கள். அதிகாரி வயதானவர், தமிழர்தான். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். தவிட்டம்மா கும்பிட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்தாள். ‘சாமி, இந்தப் பிள்ளைய நான் பெறல. எனக்கு நாலும் ஆம்பளப்பிள்ளைய. இது இந்தா நிக்காளே, இவ பெத்தது. மூணாம் நாளு ஒரு முறம் தவுடு குடுத்து வாங்கினேன். வழக்கத்துக்குச் செஞ்சது. அவ மாமனாரு அதைப் போயி எழுத்துல ஏத்திட்டாரு. எழுத்தை மாத்தி, பிள்ளைய அப்பங்கிட்ட அனுப்புங்க’ என்றாள். சொல்லி முடித்ததும் என் தலையை ஒருமுறை தடவினாள். நான் போய்விட்டால் அவளுக்கும் வருத்தம்தான் என்று அப்போது எனக்குப் படவில்லை.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். ‘நீதானேம்மா பெத்தே? ஆமான்னு சொல்லி இங்கே ரேகை வை. முடிஞ்சது.’

அதிகாரியின் குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அதிகாரி மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். ‘பாப்பா, நீ சொல்லு. இவங்க உனக்கு யாரு?’

நான் ‘அம்மா’ என்றேன்.

என் வாழ்நாளில் பெற்றவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை. சொல்லி முடிக்கவில்லை, அவள் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். உதடு பல்லில் இடித்து ரத்தம் வந்தது. ‘இல்ல சாமி, இல்ல. பிள்ளைக்கு வெவரம் தெரியாது, கப்பல் ஆசையில சொல்லுது. இது எம்பிள்ள இல்ல. எதிர்வீட்டுப் பிள்ள. எழுதியிருக்கது எல்லாம் சரிதான்’ என்றாள். அந்த வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இன்னும் யாருக்கோ கேட்க வேண்டும் என்கிற மாதிரி, உரக்கச் சொன்னாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘பிள்ளை எனக்கு, எனக்குன்னு ரெண்டு பேர் சண்டை போட்டு வந்திருக்காங்க. உனக்கு, உனக்குன்னு தள்ளிவிடறதை இன்னிக்குத்தான் பாக்கிறேன்’ என்றார். பிறகு, ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி மறுத்தால் தன்னால் எதையும் திருத்த முடியாது என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அம்மா மேல் இருந்தது. சின்னக் கோபம் இல்லை. திரும்பி வரும்போது வண்டிக்குள் உட்கார மாட்டேன் என்று சாரலில் நனைந்துகொண்டே பின்னால் நடந்தேன். தவிட்டம்மாவும் இறங்கி என்னோடு நடந்தாள். வண்டிக்குள் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். போட்டோவை மறுபடி எடுத்தார்கள், அம்மாவும் தம்பியும் மட்டும். அம்மா பாஸ்போர்ட் காகிதத்தில் தம்பிக்காகத் தடங்கல் இல்லாமல் ரேகை வைத்தாள். அப்பாவிடமிருந்து கடுமையான கடிதம் வந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று, வருகிறவர்கள் வாருங்கள், மகளுக்கு ஆறு மாதத்தில் வேறு வழி பார்க்கிறேன் என்று. அதையும் நான்தான் வாசித்தேன். இடையில் ஒரு வரியைக்கூட விடாமல் வாசித்தேன், அவளுக்குக் குத்தட்டும் என்று.

தென்காசி ரயிலடியில் அவள் என்னைத் தொடவில்லை. வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தவிட்டம்மாவிடம், ‘உங்க பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுங்க மதினி’ என்றாள். தம்பி கையை ஆட்டினான். நான் ஆட்டவில்லை. இதை நினைத்து நான் பட்ட பாட்டை எழுதி மாளாது.

அந்த மார்கழியிலேயே ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்துவிட்டான். கடிதம் நின்றது. நாலு வருஷம் எந்தத் தகவலும் இல்லை. நான் எதிர்வீட்டில் வளர்ந்தேன். எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் திறந்து பெருக்கிவிட்டு வருவேன். கோபம் மட்டும் குறையவே இல்லை. அவள் திரும்பி வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பாடமே மனப்பாடமாக வைத்திருந்தேன். அவர்கள் உயிரோடு இல்லையோ என்ற பயம் வரும்போது, அந்தப் பாடத்தை வேகமாக ஒப்பித்துப் பயத்தை அமுக்கிவிடுவேன்.

சண்டை முடிந்த மறு வருஷம் ஒரு நாள் மத்தியானம் அவள் வந்தாள். தனியாக வந்தாள். மாட்டு வண்டியிலிருந்து இறங்கிய உருவத்தைத் தவிட்டம்மாவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை பாதி நரைத்து, கை கால் குச்சியாகி இருந்தாள். அப்பா அங்கேயே இருக்கிறார், பின்னால் வருவார் என்றாள். தம்பியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வண்டிக்குள் அவனும் இருப்பான் என்று நான் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே வந்து உட்காரும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. மனப்பாடம் எல்லாம் மறந்துவிட்டது. ‘என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க?’ என்று மட்டும் கேட்டேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எனக்குப் பதினைந்து வயது, அவளைவிட உயரமாகியிருந்தேன். ‘எம்பிள்ளைன்னு ரேகை வச்சுக் கூட்டிட்டுப் போனவனை அங்கன மண்ணுக்குள்ள வச்சிட்டு வாரேன். ரெண்டாம் வருசம் காய்ச்சலு. மருந்து இல்ல. உன்னை எம்பிள்ள இல்லன்னு சொன்னேன். நீ வளந்து நிக்குத’ என்றாள். அழவில்லை. வழக்கில் ஜெயித்தவள் தீர்ப்பைச் சொல்வதுபோல் சொன்னாள்.

காய்ச்சல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவதில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும், ஐந்து வகுப்பு படித்தவள் நான். பினாங்கில் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கிடைத்திருந்தால் தம்பி இருந்திருப்பான். கப்பலில் நானும் போயிருந்தால், ஒருவேளை நானும் பிழைத்து அவளோடு திரும்பியிருப்பேன். இதெல்லாம் நுனி நாக்குவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், பெற்ற மகளை ஊரறிய வேண்டாம் என்றதும், ஐந்து வருஷம் என் முகம் பார்க்காமல் அவள் கிடந்ததும் வீண் என்று அவளிடம் சொன்னதாகும். அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

‘நீங்க செஞ்சதுதான் சரி’ என்றேன். தான் செய்தது சரிதானா என்று பிறகு அவள் எத்தனையோ முறை என்னிடம் கேட்டாள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொன்னேன்.